ஸ்கொலர்ஷிப்பில் வந்த பெயர்

மாமா,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள். வேறு யாரும் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். நீங்கள் ஆயுளில் பாதியை இரவு வேலையில் கழித்தவர். உங்களுக்கு இது தேத்தண்ணி இடைவேளை. பகலில் எழுதலாம் என்றுதான் இருந்தேன், உங்கள் பேத்தி விடவில்லை. அவள் அழுதால் ஏன் அழுகிறாள் என்று பயம். அழாமல் படுத்தால் ஏன் அழவில்லை என்று பயம். இப்போதும் ஒரு கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் மற்றக் கையால் எழுதுகிறேன். ஏறி இறங்குகிறது. சரி, எழுதலாம்.

எழுத வைத்தது ஒரு மணம். பின்னேரம் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் ட்றையரைத் திறந்து, அவளுடைய சின்னச் சட்டைகளையும் தொட்டில் விரிப்பையும் அள்ளினேன். சூடான பருத்தியின் மணம் முகத்தில் அடித்தது. சட்டென்று நீங்கள் வந்து பக்கத்தில் நின்றது போல இருந்தது. விடியற்காலையில் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும் மணம் அதுதானே. கலியாணமாகி வந்த புதிதில், மாமா என்ன சென்ற் பூசுகிறவர் என்று ஜெயனிடம் கேட்டிருக்கிறேன். உங்கள் மகன் விழுந்து விழுந்து சிரித்தார். "அது சென்ற் இல்லையப்பா. ஹோட்டல் பெட்சீற் மணம்." பிறகு குரலைத் தணித்து, "அப்பா லோன்றியில எண்டு பெரியப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்" என்றார்.

பெரியப்பா என்றால் பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருக்கும் உங்கள் அண்ணர், எனக்குப் பெரிய மாமா. எந்தச் சபையில் எழுந்து பேசினாலும் அவருடைய இரண்டாவது வசனம் "நாங்கள் ஃபுல்லர் குடும்பம்" என்பதாகத்தான் இருக்கும். மூன்றாவது வசனம், "தம்பி ஹோட்டலில நல்ல பொசிஷன்." எந்தப் பகுதி என்று அவர் கேட்டதில்லை. நீங்கள் சொன்னதுமில்லை.

எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும், அத்தோடு சரி. அதனால் முதன்முதலில் உங்களைச் சந்தித்த அன்றே, யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு ஃபுல்லர் என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், கேட்டது பிழையோ என்று தோன்றியது. நீங்கள் தட்டில் இருந்த கடைசி ரோல்ஸை எடுத்தபடி சொன்னீர்கள்: "அது ஸ்கொலர்ஷிப்பில வந்த பேர், பிள்ளை."

அமெரிக்க மிஷன் பாதிரிமார் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிக்கூடம் நடத்திய காலம். உங்கள் பூட்டனாரைச் சிறு பையனாக அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சோறு, புத்தகம், படுக்கை எல்லாம் அமெரிக்காவில் இருந்த யாரோ ஒரு கனவானின் செலவு. அந்தக் கனவானுக்குத் தன் பெயரில் கடலுக்கு அப்பால் ஒரு பிள்ளை படிக்கிறான் என்ற சந்தோஷம் வேண்டும். ஆகவே பையனுக்கு அவருடைய பெயரை வைத்துவிட்டார்கள். "முகத்தைக் காணாத மனுசன்ர பேரைச் சுமந்துகொண்டு எங்கட ஆள் கணக்குப் படிச்சவர்" என்றீர்கள். "பாஸ் பண்ணினவரோ?" என்று கேட்டேன். "ஃபெயில் எண்டால் பேரைத் திருப்பிக் குடுக்கச் சொல்லியிருப்பினம்." அந்தப் பதிலோடுதான் இந்த வீட்டுக்கு வரலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. ஜெயன் இதை வாசிக்கக் கூடாது.

அந்தப் பெயரோடு நீங்கள் படும் பாட்டையும் பிறகு கண்டேன். டொக்டரின் வரவேற்பறையில் "மிஸ்டர் ஃபுல்லர்" என்று கூப்பிடுவார்கள். நீங்கள் எழும்புவீர்கள். அந்தப் பெண் உங்களைத் தாண்டி, மூலையில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவரைப் பார்ப்பாள். நீங்கள் நெஞ்சில் கையை வைத்து, "ஹீ இஸ் மீ" என்பீர்கள். இங்கிலீஷ் பிழை என்று ஜெயன் தலையில் அடித்துக்கொள்வார். "பிழையெண்டாலும் அவளுக்கு விளங்கிட்டுது எல்லே?" என்று நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள்.

பெரிய மாமா பிக்கரிங்கில் புது வீடு வாங்கியபோது, வீட்டு ஜெபத்துக்குப் பரிசு வாங்க நாம் இருவரும் மோலுக்குப் போனோமே, அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. நடைபாதை நடுவில் ஒரு சின்னக் கடை. குடும்பப் பெயரைச் சொன்னால் கணினியில் தேடி, அதன் வரலாற்றைச் சொல்லி, பரம்பரைச் சின்னத்தை மரப் பலகையில் பதித்துக் கொடுப்பார்கள். நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். "அண்ணைக்கு இதைவிட என்ன வேணும்?"

கடையில் இருந்த சுருட்டை முடிப் பெண் பெயரைக் கேட்டாள். சொன்னீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாள், எழுத்துக்கூட்டச் சொன்னாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக விளக்கத் தொடங்கினாள். பழைய இங்கிலாந்தில் தறியிலிருந்து வரும் கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தளர்ந்து கிடக்குமாம். அதைத் தொட்டியில் போட்டு, ஒருவகைக் களிமண்ணும் தண்ணீரும் விட்டு, நாள் முழுக்கக் காலால் மிதிப்பார்களாம். அழுக்குப் போய்த் துணி இறுகிவிடும். அந்த வேலை செய்தவனுக்குத்தான் ஃபுல்லர் என்று பெயர். வோக்கர், டக்கர் என்ற பெயர்களும் அதே வேலைதான், இடத்துக்கு இடம் ஒவ்வொரு பெயர். சொல்லிக்கொண்டே அந்தப் பெண் கடைக்குள் நின்று இரண்டு காலாலும் மிதித்து வேறு காட்டினாள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "என்னவாம்?"

நான் புது மருமகள். நீங்கள் உங்கள் வேலையைச் சொந்தக்காரருக்கு மறைத்து வைத்திருப்பவர். ஊரில் உடுப்புத் தோய்ப்பவரை எப்படி நடத்தினார்கள் என்று நானும் கேள்விப்பட்டவள்தான். ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெசவுத் துறையில... ஒரு முக்கியமான கட்டத்துக்குப் பொறுப்பா இருந்தவை, மாமா" என்றேன்.

"பிள்ளை, எனக்குக் கண் தெரியும். அந்தப் பெட்டை என்னத்தையோ உழக்கிக் காட்டினவள். திராட்சைப் பழமோ?"

"இல்லை மாமா."

"அப்ப?"

"உடுப்பு. உடுப்புத் தோய்க்கிறவை, மாமா."

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில், என் கலியாணம் முடிந்தது, ஜெயனுக்கு என்ன சொல்வது என்று அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டுவது வரை யோசித்துவிட்டேன். பிறகுதான் உங்கள் தோள் குலுங்குவதைக் கண்டேன். அந்தக் கடையின் தட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில், எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "கடவுளே! இத்தனை வருசமா ஒளிச்சுக்கொண்டு திரியிறன், நெத்தியில எழுதித்தான் அனுப்பியிருக்கு!"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ குறை சொல்கிறோம் என்று நினைத்தோ என்னவோ, களிமண் கிடைக்காத இடத்தில் பழைய மூத்திரமும் பாவித்தார்கள் என்று மேலும் ஒரு தகவல் சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாங்கள் முன்னேறிட்டம். எங்களுக்குப் பிளீச்" என்றீர்கள்.

பலகையில் பதிக்கும் சின்னத்தைக் காட்டியபோதுதான் உங்கள் முகம் மாறியது. கேடயத்துக்கு மேல் ஒரு மிருகம் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "சிங்கமோ? ஐயோ பிள்ளை, வேண்டாம். அண்ணை வீட்டுச் சுவரில சிங்கம் தொங்கினால், சிங்கக் கொடிக்குத் தப்பி ஓடிவந்த எங்கட சனம் ஒருத்தரும் சாப்பிட வரமாட்டினம்." நான் உற்றுப் பார்த்துவிட்டு, நாய் என்றும் சொல்லலாம் என்றேன். "நல்லது. ஆர் கேட்டாலும் நாய்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது பலகையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஊரில எங்கட வீட்டுக்குத் தோய்க்கிற உடுப்பெடுக்க ஒரு மனுசன் வாறவர். பின்பக்கத்தாலதான் வருவார். ஒரு நாளும் இருக்கக் கதிரை குடுத்ததில்லை. அவருக்குப் பக்கத்தில நிண்டு 'நாங்கள் ஃபுல்லர் குடும்பம்' எண்டு நானே சொல்லியிருக்கிறன். அவருக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தால் என்னைப் பாத்து எப்பிடிச் சிரிச்சிருப்பார்!" அதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை. இறங்கும் இடம் வந்ததும் எழும்பி, "அண்ணைக்கு மூச்சு விடக்கூடாது" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பிக்கரிங் போவதென்றால் நமக்கு ஒரு சோதனைதான். பெரிய மாமா பலகையை முன் விறாந்தையில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி மாட்டிவிட்டார். "எங்கட பரம்பரைச் சின்னம். தம்பி தேடிப் பிடிச்சுக் கொண்டந்தவன்" என்று வருகிறவர்களுக்குக் காட்டுவார். நான் தரையைப் பார்ப்பேன். நீங்கள் வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணை, சுவர் நல்ல வெள்ளையா இருக்கு. ஃபுல்லர் வீடெண்டால் அப்பிடித்தான் இருக்கோணும்" என்பீர்கள். நத்தார் விருந்தில் அதைச் சொன்னபோது என் வாயில் ஒரு கடி பற்றிஸ் இருந்தது. குசினிக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்று சிரித்தேன்.

சென்ற மாரிகாலத்தில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். பேத்தி என்று தெரிந்துகொண்டுதான் போனீர்கள், அது எனக்கு ஆறுதல். ஆனால் பெயர்க் கதையை முடிக்காமல் போய்விட்டீர்களே, மாமா. மகிழினி என்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. பின்னால் என்ன வரும் என்பதில்தான் இந்த வீடு இரண்டுபட்டது. பிறப்பைப் பதிய நாள் நெருங்குகிறது. ஜெயனோ "உமக்கு விருப்பமானதைப் போடும்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார். நான் கலியாணத்துக்குப் பிறகும் என் அப்பாவின் பெயரோடேயே நின்றவள், எனக்கு அது சுலபமாக இருந்தது. இவளுக்கு ஃபுல்லர் என்று போட்டால், இவளும் ஒவ்வொரு வரவேற்பறையிலும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைக்க வேண்டும். நீங்கள் சிரித்துச் சமாளித்தீர்கள். என் பிள்ளை என்னைப் போலப் பயந்த சுபாவமாக இருந்துவிட்டால்?

போன ஞாயிற்றுக்கிழமை டோர்செட் பார்க் வீட்டிலிருந்து என் அம்மா மீன் குழம்போடு வந்திருந்தா. அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமாவும் வந்தார், கையில் துவாயில் சுற்றிய ஒரு பொதி. பிரித்தால் நம்முடைய பலகை! "இனி இது பேத்தியின்ர" என்று அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். அம்மா அதை மேலும் கீழும் பார்த்தா.

"இதென்ன, சிங்கமோ?"

"நாய்" என்றேன்.

"சிங்கமோ நாயோ, பிள்ளைக்குத் தகப்பன்ர பேர் பின்னால வரட்டும். மகிழினி ஜெயன். வடிவா இருக்கு, முடிஞ்சுது."

"ஃபுல்லர் எண்டது பரம்பரைப் பேர்" என்றார் பெரிய மாமா.

"ஆற்றை பரம்பரை? அந்த வெள்ளைக்காரன்ரயோ?"

ஜெயன், நனையாத பம்பர்ஸை மாற்ற வேண்டும் என்று சாட்டுச் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். வாக்குவாதம் ஏற ஏற, நீங்கள் மூச்சு விடக்கூடாது என்றது என் வாயைத் தாண்டிவிட்டது. "பெரிய மாமா, அந்தப் பேருக்கு என்ன கருத்தெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பெரிய மாமா தேத்தண்ணியை ஆறுதலாக ஒரு மிடறு குடித்தார். "உடுப்புத் தோய்க்கிறவன்."

மாமா, அவருக்குத் தெரியும்! பலகையை மாட்டிய கிழமையே யாரையோ கேட்டு அறிந்துகொண்டாராம். "நீயும் தம்பியும் என்ர சுவரைப் பாத்துப் பாத்து நெளிஞ்சால் எனக்குச் சந்தேகம் வராதோ?"

"அப்ப ஏன் கழட்டேல்லை?"

"அவன் சிரிக்கட்டும் எண்டுதான். தங்கச்சி போன பிறகு அவன் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை." தங்கச்சி என்றது, உங்களுக்கு முதலே போய்ச்சேர்ந்த மாமியை. பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன்ர வேலையும் தெரியும். ஹோட்டல் மனேஜரின்ர சேட்டில அந்த மணம் வராது. அவன் சொல்லாததை நான் ஏன் கேக்க?"

பெரிய மாமா அம்மாவைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னார்: "அது இப்ப வெள்ளைக்காரன்ர பேர் இல்லை. என்ர தம்பியின்ர பேர்."

எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அம்மாவை உங்களுக்குத் தெரியும்தானே, முழுதாக விட்டுக்கொடுத்த பழக்கம் அவவுக்கு இல்லை. குழம்புச் சட்டியை மூடிக்கொண்டு கேட்டா: "சரி, ஃபுல்லர் எண்டே வையுங்கோ. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பொடியன்... அவனுக்குத் தாய் வச்ச பேர் என்ன?"

பெரிய மாமாவுக்குத் தெரியவில்லை. ஜெயனும் அறைக்குள் இருந்து வந்து நின்றார். அவருக்கும் தெரியவில்லை. இத்தனை தலைமுறையாக ஸ்கொலர்ஷிப் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

அன்று முதல் எனக்கு அந்தப் பையனின் தாயைத்தான் நினைவு வருகிறது. மகிழினிக்கு நான் ஒரு நாளில் எத்தனை பெயர் வைக்கிறேன்: குஞ்சு, செல்லம், பூனை, கள்ளி. அந்தத் தாயும் வைத்திருப்பாதானே. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன், இனி என் பெயர் ஃபுல்லர் என்று சொன்னபோது அவ என்ன செய்திருப்பா? அந்தச் சொல் அவவுக்கு வாயில் நுழைந்திருக்காது. குசினிக்குள் இருந்து பழைய பெயரைச் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிட்டிருப்பா. அவனும் அதற்குத்தான் ஓடி வந்திருப்பான்.

ஆகவே நான் செய்திருப்பது இதுதான், மாமா. கடைசிப் பெயர் ஃபுல்லர். அதைப் பற்றி எனக்கு இனிப் பயமில்லை, அல்லது பயம் இருந்தாலும் பரவாயில்லை. கேட்கிறவர்களுக்கு இவள் சொல்வாள், உடுப்புத் தோய்க்கிற ஆட்கள் நாங்கள் என்று. அந்தப் பலகையை எங்கள் கதவுக்கு நேரே மாட்டிவிட்டோம். சூடான விரிப்பை மடிக்கும்போதெல்லாம் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். நீங்கள் மடிப்பது போல ஓரத்தில் ரப்பர் வைத்த தொட்டில் விரிப்பை மடிக்க எனக்கு இன்னும் வரவில்லை, சுருட்டி அலுமாரிக்குள் தள்ளுகிறேன். மணம் மட்டும் சரியாக இருக்கிறது.

முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் உங்கள் பூட்டனாரும் இருப்பார். கலியாண வீட்டில் மேசைக்கு மேசை போய்க் கதை கொடுக்கிற ஆள் நீங்கள், இதற்குள் அவரைக் கண்டுபிடித்திருப்பீர்கள். அவருடைய அம்மா அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கு மறந்திருந்தால் அந்த அம்மாவையே கேளுங்கள், அவ மறந்திருக்கமாட்டா. ஆண் பெயர் என்றாலும் பரவாயில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஆண் பெயரைத்தானே பின்னால் காவிக்கொண்டு திரிகிறோம்.

மகிழினி முழிக்கப் பார்க்கிறாள், நிறுத்துகிறேன். பதிவதற்கு அதிக நாள் இல்லை, மாமா. கெதியாகப் பதில் போடுங்கோ.